கோபம் பத்தாத படங்கள்

என் மூக்கை முதன்முதலில் முழுசாகப் பார்த்தவர் அந்த ரைட்டர்தான். கட்டிக்கொண்ட மனுஷன்கூட அப்படிப் பார்த்ததில்லை. எஸ்.டி.டி. பேச வந்தவர், நம்பரைச் சொல்லாமல் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா விடுகிற ஆளா?

“என்னங்க, மூஞ்சியில நோட்டீசு ஏதாச்சும் ஒட்டியிருக்குதுங்களா?”

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. “இல்லீங்க அம்மிணி. மூக்கு வலதுபக்கமா ஒரு இணுக்கு சாஞ்சிருக்குதுங்க. நொம்ப நல்லா இருக்குதுங்க,” என்று சொல்லிவிட்டு நம்பரைக் கொடுத்தார். அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கண்ணாடியில் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் ஏர்காட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது, ரைட்டர் என்றால்தான் தெரியும். செம்மநத்தம் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் உத்தியோகம். காலையில் ஆட்களின் பேர் எழுதுவது, யார் எந்தப் பக்கம் களையெடுக்கிறார்கள் என்று குறித்து வைப்பது. காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களுக்கு வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போடுவதும் அவர்தான். மனுஷன் நம்பரோடு நிறுத்தமாட்டார். நம்பருக்குக் கீழே ஒரு முகமும் போட்டுவிடுவார், அந்த மரத்தடியில் அன்று வேலை செய்த ஆளின் முகம். போகப் போக எஸ்டேட்டில் யாருமே நம்பரைச் சொல்வதில்லை. “பொன்னி மரத்துக்கிட்ட வாங்க,” “மேஸ்திரி மரத்துக்குக் கீழ சோத்துச்சட்டி இருக்குது” என்றுதான் பேச்சு. எஸ்டேட் மானேஜரான துரை கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி சத்தம் போட்டு, அத்தனை முகத்தையும் அழிக்கச் சொன்னார். ரைட்டரும் அழித்தார். அடுத்த வாரம் பங்களா வாசல் மரத்தில் துரையின் முகத்தையே போட்டுவைத்தார். அதை மட்டும் துரை அழிக்கச் சொல்லவில்லை.

இவ்வளவு கை இருந்தும் அவரிடம் ஒரு குறை. கண்ணால் பார்க்காத எதையும் அவருக்கு வரைய வராது. ஒரு மாம்பழம் வேண்டுமென்றாலும் எதிரே ஒரு மாம்பழம் இருக்க வேண்டும்.

“மனசுல நெனச்சு வரையுங்கண்ணா” என்பேன்.

“மனசுல மூஞ்சி ஒண்ணும் இல்லீங்களே அம்மிணி. எல்லாம் வெளியிலதானுங்க இருக்குது.”

என் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். எஸ்.டி.டி., ஜெராக்ஸ் என்று ஆரம்பித்து, தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஸ்கேனரும் வாங்கிப்போட்டேன். சேலத்து நம்பருக்கு டயல் செய்து, அது கரகரவென்று கத்தி முடித்தால் இன்டர்நெட் வரும். பனி இறங்கினால் வராது. குரங்கு ஒயரில் தொங்கினாலும் வராது. இருந்தாலும் மலை மேலே இன்டர்நெட் வைத்திருக்கிறவள் நான் என்று கொஞ்சநாள் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன்.

ஒரு மே மாத சீசனில் ஏர்காடு சுற்றிப் பார்க்க வந்த பெங்களூர்க்காரர் ஒருவர், பஸ் நிழற்குடைச் சுவரில் ரைட்டர் கரியால் போட்டிருந்த வில் பிடித்த சாமியைப் பார்த்துவிட்டு ஆள் யாரென்று விசாரித்து வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஓய்ந்த நேரத்தில் இன்டர்நெட்டில் சொந்தமாக ஒரு பக்கம் நடத்துகிறாராம். நம் சாமி, நம் தேசம், தூங்குகிற இந்துக்களைத் தட்டி எழுப்பவேண்டும், அதற்குக் கையால் படம் போடுகிற பக்தர் ஒருவர் வேண்டும் என்றார். ரைட்டருக்கும் சாமி, கொடி, தேசம் என்றால் உருக்கம் உண்டு. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்தோ பதினைந்தோ வருஷமாக எல்லாரும் ‘அழிக்கிறாயா இல்லையா’ என்றே கேட்டுவந்த மனுஷனிடம், முதன்முதலாக ஒருவர் ‘வரைந்து தாருங்கள்’ என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அவர் என் கடையை விட்டுப் போகவே மனசில்லாமல் ஸ்கேனர் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

முதல் படம் பாரத மாதா. கையில் காவிக்கொடி, பின்னால் தேசப்படம், பக்கத்தில் சிங்கம். ஸ்கேனரில் கவிழ்த்து வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

“ஏனுங்கண்ணா, இது யாருங்க?”

“மாதாங்க.”

“மாதாவுக்கு எதுக்குங்க என் மூக்கு?”

“வேற யாரைப் பாக்கிறதுங்க அம்மிணி? தெனமும் நான் பாக்கிற பொம்பளை மூஞ்சி உங்க மூஞ்சிதானுங்களே.”

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்து தொலைத்தது, திட்ட வரவில்லை. சிங்கத்தின் கதை இன்னும் மோசம். எஸ்டேட் காவல் நாய்க்குப் பிடரி மயிர் மட்டும் வைத்து நிறுத்தியிருந்தார். அது யாரையும் கடிக்காத நாய். படத்திலும் எதையோ தின்னக் கேட்டுக்கொண்டு நின்றது.

அதற்கப்புறம் வில் பிடித்த சாமி. அது மாரமங்கலம் பஸ் கண்டக்டர், விசில் மட்டும்தான் இல்லை. பெங்களூரிலிருந்து இங்கிலீஷில் மெயில் வரும். நான் பி.காம். படித்தவள், படித்துச் சொல்வேன். எல்லா மெயிலும் ஒரே பாட்டுத்தான். படம் அழகு, ஆனால் கோபம் பத்தவில்லை. உடம்பில் திரட்சி பத்தவில்லை. நம் சாமிகள் இனிமேல் சிரிக்கக்கூடாது, மார்பு விரிந்து, வயிறு கட்டுக்கட்டாக, பார்த்தாலே எதிரி நடுங்கவேண்டும்.

“கோவம் பத்தலையாமுங்கண்ணா.”

“வயித்துல கட்டுக்கட்டான்னா எப்படீங்க அம்மிணி? ஏர்காட்டுல யாருக்காச்சும் அப்படி வயிறு பாத்திருக்கீங்களா?”

ஒரு வாரம் தேடினார். கடைசியில் காப்பி மூட்டை தூக்குகிற ஆளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி வரைந்தார். எலும்பும் நரம்புமாக நிஜமான உடம்பு. பட்டினி கிடந்த மாதிரி இருக்கிறது என்று மெயில் வந்தது. கோபமான முகத்துக்குத் துரையைப் பிடித்தார். வேண்டுமென்றே ஒரு மரத்துக்கு நம்பர் மாற்றிப் போட்டு, துரை கத்தும்போது நோட்டின் மறைவில் கோடு இழுத்துக்கொண்டார். துரைக்குக் கோபம் வந்தால் மூக்கு விடைத்து வாய் கோணும். அந்தச் சாமி தும்மப் போகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெங்களூர்க்காரர் அதைப் போடவே இல்லை.

போட்ட படம் வந்திருக்கிறதா என்று பார்க்க ரைட்டர் தினமும் வருவார். அந்த இன்டர்நெட் பக்கத்தின் அடியில், இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண் ஓடும். நேற்றைவிட ஒன்று கூடியிருந்தால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும். கூடிய அந்த ஒன்று அவரேதான் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

என் கடைக்குப் பக்கத்துக் கடை பாயுடையது. ஸ்வெட்டர், குடை, ரெயின்கோட். சேலத்துக்காரர், மலை ஏறி வந்து இருபது வருஷத்துக்கு மேலே. செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு மாரமங்கலம், செம்மநத்தம், கிளியூர் என்று மலைக் கிராமங்களுக்கு பஸ் ஏறிவிடுவார். அங்கே எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு எந்த அளவு ஸ்வெட்டர் என்று அவருக்கு மனப்பாடம். மூன்று வீட்டிலாவது காப்பி குடிக்காமல் திரும்பிவர முடியாது. தன் தாடியில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ரைட்டரைக் கண்டால் விடமாட்டார்.

“ஏனுங்க ரைட்டரே, ஊர்ல இருக்கிற நாயையெல்லாம் வரையறீங்க. எங்க தாடிய மட்டும் எப்ப வரைவீங்க?”

“அதுக்கு ஒரு பெரிய பேப்பர் வேணுமுங்க பாய்,” என்பார் இவர்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மெயில் வந்தது. அடுத்த படம், அந்தக் காலத்தில் படையெடுத்து வந்து கோயிலை இடித்தவன். குதிரை, வாள், தாடி. ஒரு வார்த்தை விடாமல் நான் அதைப் படித்துச் சொன்னேன். ரைட்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அது எப்பவோ வாழ்ந்து செத்த யாரோ ஒரு ராஜா, அவ்வளவுதான் எங்கள் நினைப்பு.

“தாடி வெச்ச ஆளுக்கு எங்கீங்க போவேன்?” என்றார்.

“இதென்னங்கண்ணா, பக்கத்துக் கடையிலயே உக்காந்திருக்காரே.”

சொன்னது நான். வேறு யார் தலையிலும் போட முடியாது, என் வாய்தான் சொன்னது.

‘ராஜா படம்’ என்றதும் பாய்க்குத் தலைகால் புரியவில்லை. தாடியைச் சீவி, அத்தர் பூசி, கடை வாசலில் ஸ்டூலின் மேல் குதிரை ஏறின மாதிரி கால் விரித்து உட்கார்ந்தார். வாளுக்குப் பதில் ஒரு மடக்கின குடை. போகிற வருகிற டூரிஸ்டெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரைட்டர் வரைந்தார், நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டேதான் ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, இன்டர்நெட் பக்கத்தில் படம் வந்திருக்கிறது என்று மெயில். அன்றைய இன்டர்நெட்டில் படம் ஒரேயடியாக வராது, மேலேயிருந்து வரிவரியாக இறங்கும். ரைட்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முதலில் தலைப்பாகை வந்தது. அப்புறம் நெற்றி. நெற்றியில் பாயின் மூன்று சுருக்கங்களும் அச்சாக இருந்தன. “பாருங்க அம்மிணி, எப்படி விழுந்திருக்குது!” என்றார். அப்புறம் கண் வந்தது. ரைட்டர் போட்டது சிரிக்கிற கண். வந்தது செக்கச்செவேலென்று ரத்தம் கட்டின கண். பெங்களூர்க்காரர் கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டிருந்தார். தாடி முழுக்க ரத்தம். வாளில் ரத்தம். குதிரைக் காலடியில் இடிந்த கோபுரம். எல்லாவற்றுக்கும் கீழே பெரிய எழுத்தில்: ‘இவனை அடையாளம் கண்டுகொள்!’

கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். ரைட்டர் மெதுவாக எழுந்து நின்றார்.

“அம்மிணி, இது நம்ம பாய்ங்களே.”

என்னமோ அப்போதுதான் தெரிகிற மாதிரி சொன்னார். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. மெயிலில் மிச்சமும் இருந்தது. மலைக் கோயில் திருவிழாவுக்கு இதையே நோட்டீஸாக அடித்து, சேலத்திலிருந்து ஆட்கள் வந்து கிராமம் கிராமமாக ஒட்டப் போகிறார்கள். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாரமங்கலம், செம்மநத்தம், கிளியூர். பாய் மூட்டையோடு இறங்குகிற அதே பஸ் நிறுத்தங்கள்.

அந்த நிமிஷமே ரைட்டர் சொல்லச் சொல்ல மெயில் எழுதினேன். அது எங்கள் ஊர் ஆள், நல்ல மனுஷர், தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அச்சுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு நாளில் மூன்று தடவை எழுதினோம். வியாழக்கிழமை பதில் வந்தது. அது யாரென்று எவனுக்குத் தெரியப்போகிறது, அது வெறும் முகம்தானே. திருவிழாவுக்குப் படம் கட்டாயம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேறு முகம் வந்தால் இதை எடுத்துவிட்டு அதைப் போடுகிறேன், ஆனால் இந்தத் தடவையாவது நிஜமான கோபம் வேண்டும்.

“வெறும் மூஞ்சியாமுங்க,” என்றார் ரைட்டர்.

“வேற ஏதாச்சும் ஒரு தாடிக்காரரைப் பாருங்கண்ணா.”

“யாரைங்க பாக்கிறது? பாக்கிற மூஞ்சி அத்தனையும் யாராச்சும் ஒருத்தரோட மூஞ்சிதானுங்களே.”

சொன்னவர் எழுந்து நேராகப் பக்கத்துக் கடைக்குள் போனார். ஸ்வெட்டர் போட்டுப் பார்க்க அங்கே ஒரு நிலைக்கண்ணாடி உண்டு. அதைக் கேட்டிருக்கிறார். எதுக்குங்க என்று பாய் கேட்டிருக்கிறார். இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பாய் என் கடைக்குள் வந்தார். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? “தங்கச்சி, அந்தப் படத்தைக் காட்டு,” என்றார். வரிவரியாக இறங்கி முடிகிறவரை நின்று பார்த்தார். கையைத் தாடிக்குக் கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டார்.

“இது எங்கெங்கெல்லாம் போவும்?”

“ஒலகம் பூரா போவுமுங்க பாய்,” என்றேன்.

“ஒலகம் பூரா போனா போவட்டும். எனக்கு அங்க யாரையும் தெரியாது. மாரமங்கலத்துக்குப் போவாமப் பாத்துக்குங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதிலாக அவர் எங்களைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். ரைட்டர் அழுதுவிட்டார். பாய் அதைக் கண்டுகொள்ளாமல் தன் கடைக்குப் போய், கண்ணாடியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். என் கடையில் அதைச் சாய்த்து வைக்கச் சுவர் ஏது? ஒரு பக்கம் ஜெராக்ஸ் மிஷின், ஒரு பக்கம் போன் கூண்டு. பாயே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ரைட்டர் எதிரே உட்கார்ந்து, கரியைக் குழைத்துத் தாடையில் தாடி பூசிக்கொண்டு, தன் முகத்தைப் பார்த்து வரைய ஆரம்பித்தார்.

எங்கே வருகிறது கோபம்? கரி பூசின முகத்தைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு. இவர் முறைத்துப் பார்க்கிறார், பல்லைக் கடிக்கிறார், அத்தனையும் துரையின் தும்மல் மாதிரியே வருகிறது. மூன்று காகிதம் கிழிந்தது.

“ரைட்டரே, கையி நோவுதுங்க. சீக்கிரம் கோவப்படுங்க,” என்றார் பாய்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ரைட்டரும் சிரித்தார். சிரித்தவர் கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்திருந்த பாயின் விரல்களைப் பார்த்தார். நிஜமாகவே அவை நடுங்கிக்கொண்டிருந்தன, கனமான கண்ணாடி அது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. திரும்பித் தன் கண்ணைத் தானே பார்த்தார். எத்தனையோ வருஷமாக நான் பார்த்த அந்தச் சாதுவான முகத்தில் அப்படி ஒன்று ஏறியதை நான் பார்த்ததே இல்லை. கை நிற்காமல் ஓடியது. கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

“யாரு மேலங்க இத்தனை கோவம்?” என்று பாய் கேட்டார். ரைட்டர் கரியைத் துடைக்க ஆரம்பித்தார். தாடைதான் அடர்ந்து கறுத்துப்போனது.

வெள்ளிக்கிழமை காலையில் குரங்கும் பனியும் தயவு பண்ண, படம் போய்ச் சேர்ந்தது. மத்தியானமே பதில். ‘அற்புதம்! முதல்முறையாக உங்கள் படத்தில் கோபம் இருக்கிறது. இதுதான் எதிரியின் முகம்!’ படித்துச் சொன்னேன். “அப்படீங்களா,” என்றார் ரைட்டர். இன்டர்நெட் பக்கத்தில் பாயின் முகம் போய், அதே குதிரை மேல், அதே சிவந்த கண்ணோடு ரைட்டரின் முகம் வந்தது. அதற்குள் எத்தனை பேர் பழைய படத்தைத் தங்கள் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

திருவிழாவுக்கு நாலு நாள் முன்பு சேலத்து ஆட்கள் வந்து ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஆள் பேர் எழுத எஸ்டேட்டுக்குப் போன ரைட்டரைப் பொம்பளைகள் சூழ்ந்துகொண்டார்களாம்.

“ஏனுங்க ரைட்டரே, பஞ்சாயத்து எலக்சன்ல நிக்கிறீங்களா? சொல்லவே இல்லீங்க!”

“தாடி எதுக்குங்க, வேண்டுதலுங்களா?”

“கண்ணு ஏனுங்க இப்படிச் செவந்து கெடக்குது? கண்ணு வலின்னா ஆசுபத்திரிக்குப் போறதுதானுங்களே.”

குதிரையும் கத்தியும் போட்டிருப்பதால் சின்னம் எது என்று மட்டும் அவர்களுக்குக் குழப்பமாம். அடையாளம் கண்டுகொள் என்றால் பார்த்து ஓட்டுப் போடச் சொல்கிறார் என்று மேஸ்திரி எல்லாருக்கும் விளக்கம் கொடுத்திருக்கிறார். ரைட்டர் ஒன்றையும் மறுக்கவில்லை.

அதற்கப்புறம் பெங்களூருக்கு அவர் ஒரு கோடுகூடப் போட்டு அனுப்பவில்லை. ‘மெயில் வந்திருக்குதுங்கண்ணா’ என்பேன். “இருக்கட்டுமுங்க,” என்பார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாய் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாரமங்கலம் பஸ் ஏறப் போனபோது, எஸ்டேட்டுக்கு லீவு சொல்லிவிட்டு ரைட்டர் முன்னாலேயே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு அங்கே என்னங்க ஜோலி என்று கேட்டேன், சும்மாதானுங்க என்றார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நோட்டீஸ் ஒட்டியிருந்த சுவருக்குப் பக்கமாக முதல் ஆளாக இறங்கி நின்றாராம், அப்புறம்தான் பாயின் மூட்டை இறங்குமாம். சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். மூட்டை காலி. ரைட்டர் வாடி வதங்கிப்போயிருந்தார்.

“அம்மிணி, மூணு ஊருக்கு ரோடு போட்டுத் தர்றன்னு சொல்லிட்டு வந்துட்டனுங்க. வேற வழியில்லீங்க.”

பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்து, நோட்டீஸ் ஒட்டின நாளிலிருந்து பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். ஊரில் உங்களை யாராவது ஏதாவது கேட்டார்களா என்று.

“என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல தங்கச்சி,” என்றார். “எல்லாரும் இவரைத்தான் கேட்டாங்க.”